ஆனைமட்டத்தில் தரை எங்கே?

ஆனைமட்டம் பேரூராட்சியில் நான் ஐந்து வருஷம் நாலாம் வார்டு மெம்பராக இருந்தேன். அந்த ஐந்து வருஷத்தில் நாங்கள் அதிகம் பேசிய விஷயம் தண்ணீர் இல்லை, ரோடு இல்லை, சாக்கடையும் இல்லை. தரை எங்கே இருக்கிறது என்பதுதான்.

சமவெளிக்காரர்களுக்கு இது விளங்காது. அவர்களுக்குத் தரை காலுக்குக் கீழே இருக்கும். எங்கள் ஊரோ குன்னூருக்கும் குந்தாவுக்கும் நடுவே ஒரு சரிவில், ஆணியில் மாட்டிய காலண்டர் மாதிரித் தொங்கிக்கொண்டிருக்கிறது. மேலே ஒரு ரோடு, கீழே ஒரு ரோடு. இரண்டுக்கும் நடுவில் வீடு, கடை எல்லாம். மேல்ரோட்டில் நின்று பார்த்தால் ஒவ்வொன்றும் குடிசை உயரம். கீழ்ரோட்டில் நின்று அதே வீட்டைப் பார்த்தால் கழுத்து சுளுக்கிக்கொள்ளும். என் ரேடியோ ரிப்பேர் கடை மேல்ரோட்டில் இருந்தது. ஒருநாள் வாசலில் ஒரு திருகாணி கைதவறி உருண்டு போனது. அது கீழ்ரோட்டில் ஒரு வீட்டுக் குழம்பில் கிடைத்தது. குழம்பில் உப்புச் சரியாக இருந்ததாகத்தான் சொல்லி அனுப்பினார்கள்.

இப்படிப்பட்ட ஊருக்கு மாஸ்டர் பிளான் என்று ஒன்று வந்தது. எங்கே வீடு கட்டலாம், எங்கே கடை வைக்கலாம், எங்கே தேயிலையைத் தவிர வேறெதுவும் கூடாது என்று வர்ணம் தீட்டிய ஒரு வரைபடம். அதை ஆபீஸ் சுவரில் மாட்டியபோது ஊரே வந்து பார்த்தது. மேல்ரோடும் கீழ்ரோடும் அதில் ஒரு விரல் இடைவெளியில் பக்கத்துப் பக்கத்தில் படுத்திருந்தன. நடுவில் இருக்கும் மலையைக் காணோம். காகிதம் தட்டையாக இருந்ததால் மலையை வைக்க இடமில்லாமல் போயிருக்கலாம்.

கூடவே ஒரு விதி. எந்தக் கட்டடமும் தரையிலிருந்து ஏழு மீட்டருக்கு மேல் உயரக் கூடாது. எந்தத் தரை என்று அதில் இல்லை.

தொண்ணூற்றாறில் தேர்தல் நடந்து நாங்கள் மெம்பர்களாகி உட்கார்ந்த இரண்டாம் வருஷம்தான் ஹாஜிராவின் புகைபோக்கி விவகாரம் வந்தது.

ஹாஜிரா, வர்க்கி என்ற எங்கள் மலைப்பக்கத்து மொறுமொறு பிஸ்கட் சுடும் பேக்கரி வைத்திருந்தார். அவருடைய அத்தா ஹபீப் முகமது கட்டிய விறகடுப்பு. கடை வாசல் மேல்ரோட்டில். அதற்குக் கீழே மாவு பிசையும் அறை. அதற்கும் கீழே, கீழ்ரோட்டை ஒட்டி, அடுப்பு. அடுப்பின் புகைபோக்கி கட்டடத்தின் முதுகோடு ஏறி மாவு அறையைத் தாண்டி, கடைக் கூரையையும் தாண்டி எட்டிப் பார்க்கும். மேல்ரோட்டில் இருந்து பார்த்தால் கூரைக்கு மேல் ஆள் உயரம்தான். கீழ்ரோட்டில் இருந்து பார்த்தால் தேயிலை ஃபாக்டரி வெட்கப்படும்.

அந்தப் புகைபோக்கி வழியாக வரும் வர்க்கி வாசனையை வைத்துத்தான் எங்கள் ஊர் இருக்கும் இடமே பாதிப் பேருக்குத் தெரியும். மிஸ்ட் என்று நாங்கள் சொல்லும் மூடுபனி இறங்கினால் எங்கள் ஊரில் கண் ஒரு அலங்காரப் பொருள். குந்தா பஸ் ஓட்டும் முனியசாமி, மிஸ்ட் நாளில் ஜன்னலைத் திறந்து மூக்கை வெளியே நீட்டிக்கொண்டுதான் ஓட்டுவார். வெண்ணெய் உருகும் வாசனை வந்தால் வளைவு. அடிப்பக்கம் சிவந்த வாசனை வந்தால் ஸ்டாப். வெள்ளிக்கிழமை மட்டும் ஹாஜிரா அடுப்பு மூட்டமாட்டார். அத்தா காலத்திலிருந்தே அன்றைக்குக் கடை லீவு. ஒரு வெள்ளிக்கிழமை முனியசாமி ஊரைக் கவனிக்காமல் தாண்டிப் போய், பயணிகளைக் குந்தா பவர் ஹவுசில் கொண்டுபோய் இறக்கினார். ஆனைமட்டத்தில் பெண் பார்க்க வந்த ஒரு கூட்டம் அங்கேயே ஒரு மின்வாரியக்காரர் வீட்டில் பெண் பார்த்து முடிவு பண்ணிவிட்டது. அவர்களுக்கு இப்போது பேரன் இருக்கிறான்.

பேக்கரியிலிருந்து இரண்டு வளைவு தள்ளி ஆறாம் வார்டு மெம்பர் மாரிச்சாமி புதிதாக ஒரு லாட்ஜ் கட்டினார். மேல்ரோட்டில் ஒரே மாடி, ரோஸ் பெயிண்ட், வாசலில் இரண்டு சிமெண்ட் அன்னம். வரும் விருந்தாளிகள், ஜன்னலைத் திறந்தால் புகை வருகிறது என்றார்களாம். என்னிடம் வந்த விருந்தாளிகள் ஜன்னலைத் திறந்தால் பசிக்கிறது என்றார்கள். இரண்டும் உண்மையாக இருக்கலாம்.

கவுன்சில் கூட்டத்தில் மாரிச்சாமி எழுந்தார். "தலைவரம்மா, ஊருக்கு ஒரு சட்டம் இருக்குதுங்க. ஏழு மீட்டர். ஹாஜிராம்மா புகைபோக்கி வானத்துக்கு முட்டுக் குடுக்குது. நடவடிக்கை எடுக்கோணும்."

எங்கள் தலைவர் ஆயம்மாள். கேரட் தோட்டக்காரர். கூட்டம் நடக்கும்போதெல்லாம் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருப்பார். ஒரு வரிசை முடிந்தால்தான் தலை நிமிர்வார். அதனால் எங்கள் தீர்மானங்கள் எல்லாம் கம்பளி நூலின் வேகத்தில்தான் நிறைவேறும்.

வரிசை முடிந்தது. "எங்கிருந்து பாத்தா முட்டுக் குடுக்குதுங்க?"

"கீழ்ரோட்டுல இருந்துங்க."

"கடை வாசல் மேல்ரோட்டுல இருக்குதே?"

"கட்டடம் எங்க ஆரம்பிக்குதோ அங்கிருந்துதானுங்க அளக்கோணும்."

"ஏனுங்க, மரத்தை வேர்ல இருந்தா அளக்குறாங்க?" என்றேன் நான்.

"சின்னராஜண்ணன் வாயை வர்க்கி குடுத்து அடைச்சுட்டாங்க, தலைவரம்மா."

"அடைச்சிருந்தா எப்படிங்க பேசுவேன்?"

ஈ.ஓ. என்று நாங்கள் கூப்பிடும் செயல் அலுவலர் சில்வஸ்டர் தூத்துக்குடிக்காரர். சித்திரை மாதத்திலும் இரண்டு ஸ்வெட்டரும் ஒரு குரங்குக் குல்லாவும் போட்டிருப்பார். குல்லாவுக்குள்ளிருந்து சொன்னார்: "மேலே எழுதிக் கேட்டாச்சுங்க. உள்ளூர் நிலைமையைப் பார்த்து உள்ளூர்க்காரங்களே முடிவு பண்ணிக்கலாம்னு பதில் வந்திருக்கு."

ஆக, தரை எங்கே என்று முடிவு பண்ணும் அதிகாரம் எங்களிடம் வந்து சேர்ந்தது. கடவுளுக்கு அடுத்தபடி அந்த வேலையைச் செய்தவர்கள் நாங்கள்தான் என்று நினைக்கிறேன். அவருக்கும் கவுன்சில் இருந்திருந்தால் மலையே உண்டாகியிருக்காது.

முதல் கூட்டத்தில், கீழ்ரோடுதான் தரை என்று கிட்டத்தட்ட முடிவாகிவிட்டது. அப்போது யாரோ, அப்படியென்றால் நாம் உட்கார்ந்திருக்கும் இந்த மாடியே சட்டவிரோதம் என்றார்கள். எல்லோரும் நாற்காலியை விட்டு மெதுவாக எழுந்தோம். கூட்டம் ஒத்திவைக்கப்பட்டது. அடுத்த கூட்டத்தில், இரண்டு ரோட்டுக்கும் நடுவில் ஒரு தரையை வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு சமரசம் வந்தது. சில்வஸ்டர் கணக்குப் போட்டுப் பார்த்தார். அந்தத் தரை ஹாஜிராவின் மாவு அறைக்குள், மேசை மேல் சரியாக வந்து நின்றது. மேசையில் மாவு உப்பும்போது ஊரின் தரையும் உயருமா என்று நான் கேட்டேன். அதையும் ஒத்திவைத்தார்கள்.

மூன்றாவது கூட்டத்தில் மாரிச்சாமி ஒரு வழி சொன்னார். பேசிப் பிரயோஜனம் இல்லை, நாலு பேர் கொண்ட குழு நேரில் போய்ப் பார்க்கட்டும். குழு எங்கே நிற்கிறதோ அதுதான் தரை. அங்கிருந்து அளந்து, எதிரே நிற்கும் கட்டடம் ஏழு மீட்டருக்கு மேல் இருந்தால், அதிகப்படியை வெட்டிவிட வேண்டும்.

"எங்க நிக்கிறதுங்க?" என்றார் ஆயம்மாள்.

"கீழ்ரோட்டுலதானுங்க நிக்க இடம் இருக்குது."

"என்னைக்குங்க?"

"வர்ற வெள்ளிக்கிழமை மத்தியானம்."

"அன்னைக்கு அவிய கடை லீவாச்சே?"

"கட்டடத்துக்கு லீவு இல்லீங்களே."

மாரிச்சாமி ஏன் வெள்ளிக்கிழமை கேட்டார் என்பது எல்லோருக்கும் தெரியும். மற்ற நாளில் போனால் அடுப்பிலிருந்து தட்டு அப்போதுதான் வெளியே வரும். சூடான வர்க்கி ஒரு கையிலும் டீ ஒரு கையிலும் இருக்கும்போது, புகைபோக்கியை இடிக்கச் சொல்லித் தூக்குவதற்கு மெம்பருக்கு மூன்றாவது கை கிடையாது. மாரிச்சாமி புத்திசாலி. ஊரில் அதைப் பற்றி இரண்டு கருத்து இருந்ததில்லை. அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகுதான் இரண்டாவது கருத்து வந்தது.

வியாழன் சாயங்காலம் ஹாஜிரா என் கடைக்கு வந்தார். ரிப்பேருக்கு ரேடியோ எதுவும் கொண்டுவரவில்லை.

"சின்னராஜண்ணே, சனிக்கிழமை வரச் சொல்லுங்களேன். அடுப்பு எரியறப்ப வந்து பாக்கட்டும்."

"என்னம்மா, மெம்பருக்கு வர்க்கி குடுக்கலாம்னு பாக்குறியா?"

"வர்க்கி வேண்டாம்ணே. வாசனை போதும்."

சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "புகைபோக்கியை வெட்டினா புகையெல்லாம் மாவு அறைக்குள்ள வந்துரும். அப்புறம் அடுப்பை அணைச்சுட வேண்டியதுதான். எங்கிட்ட வேலை செய்யறவங்க எல்லாம் எஸ்டேட்டுக்குப் போவணும். நானும் போவணும். மாவு பிசைஞ்ச கை கொழுந்து கிள்ளுமாண்ணே?"

மேசையில் இருந்த ரேடியோவைத் திருகினேன். சத்தமே வரவில்லை. அது நான் ரிப்பேர் பண்ணியது.

"டீ மட்டும் போட்டு வெக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் நாலு பேர் புறப்பட்டோம். ஆயம்மாள், சில்வஸ்டர், மாரிச்சாமி, நான். ஆபீஸ் பக்கத்துப் படியில் இறங்கிக் கீழ்ரோட்டுக்கு வந்தபோது மிஸ்ட் இறங்கியது. எத்தனையோ மிஸ்ட் பார்த்திருக்கிறேன். அது வேறு ஜாதி. சில்வஸ்டர் ஒரு வார்த்தை பேசினால் அது என் காதுக்கு வந்து சேர்வதற்குள் நனைந்து கனத்துவிடும். ஆயம்மாள் நடந்துகொண்டே பின்னினார். நூலோடு மிஸ்டையும் சேர்த்துப் பின்னிவிட்டார் போலிருக்கிறது. மறுநாள் வெயிலில் காயப்போட்டபோது அந்த ஸ்வெட்டரில் ஒரு கையைக் காணோம்.

"எங்கிருக்கிறோம்?" என்றார் சில்வஸ்டர்.

"பேக்கரிக்குப் பின்னால வந்துட்டமுங்க" என்றார் மாரிச்சாமி. கீழ்ரோட்டில் அவர் நடந்து நான் பார்த்ததே இல்லை. எங்கே போனாலும் மேல்ரோட்டில் ஜீப்பில் போகிறவர். "இதோ, புகைபோக்கி."

கையை நீட்டினார். ஒரு தகரக் குழாய் சுவரோடு மேலே ஏறி மிஸ்டுக்குள் மறைந்திருந்தது. சில்வஸ்டர் தொட்டுப் பார்த்தார். "ஜில்லுனு இருக்குங்க."

"இன்னிக்கு லீவு நாளுங்களே, சுடவா செய்யும்?"

மற்ற நாளாக இருந்தால் ஊரில் குழந்தைக்குக்கூட பேக்கரி எங்கே என்று தெரியும். வாசனை வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகும். அன்றைக்கு அடுப்பு இல்லை. உனக்காவது இடம் தெரிந்திருக்காதா என்று என்னைக் கேட்பீர்கள். எனக்கு அன்றைக்கு நல்ல ஜலதோஷம். இதை அப்போதே சொன்னேன், இப்போதும் அதையேதான் சொல்கிறேன்.

பேரூராட்சிக்குச் சொந்தமாக முப்பது மீட்டர் டேப் ஒன்று இருந்தது. அதன் நுனியை எதிலாவது மாட்ட வேண்டும். பக்கத்தில் ஒரு கறுப்புத் தூண் இருந்தது. நுனி வளையத்தை அதில் மாட்டிவிட்டு, உருளையைக் கையில் பிடித்துக்கொண்டு, கட்டடத்தின் ஓரத்தில் இருந்த கல்படியில் சில்வஸ்டர் ஏறத் தொடங்கினார்.

"மூணு படி ஏறிட்டேன். ஆறு மீட்டர் காட்டுது!"

"பாத்தீங்களா?" என்றார் மாரிச்சாமி.

"அஞ்சு படி. பதினாலு மீட்டர்!"

"செங்குத்துங்க. அவ்வளவும் செங்குத்து."

"ஏறவே இல்லைங்க, நின்னுக்கிட்டிருக்கேன். இருபத்தி ரெண்டு ஆயிருச்சு!"

அப்புறம் உருளையும் அவர் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டு போனது. கறுப்புத் தூண் பெருமூச்சு விட்டபடி தேயிலைத் தோட்டத்துக்குள் நடந்து போகும் சத்தம் கேட்டது. எங்கள் பக்கத்துக் காட்டெருமைகள் சாதுவானவை. நின்ற இடத்தில் நிற்கும். ஆனால் அளப்பது அவற்றுக்குப் பிடிக்காது. அந்த எருமையைப் பிற்பாடு பலமுறை பார்த்திருக்கிறேன். கொம்பில் டேப்பின் நுனி பளபளக்கும். எஸ்டேட்டில் எல்லைத் தகராறு வந்தால் அதை ஓட்டிவிட்டு அளப்பதாகச் சொன்னார்கள். நான் நேரில் பார்க்காததால் அதை நம்பவில்லை.

"முப்பது மீட்டருக்கு மேலேன்னு எழுதிக்குங்க" என்றார் மாரிச்சாமி.

"எருமையை அளந்தா ஒத்துக்க மாட்டாங்க" என்றார் ஆயம்மாள்.

மாரிச்சாமி எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு கயிறு கொண்டுவந்திருந்தார். சில்வஸ்டர் அதன் ஒரு நுனியோடு மிஸ்டுக்குள் தடவித் தடவி உச்சிவரை ஏறினார். மறு நுனியை நான் கீழே பிடித்துக்கொண்டேன். கயிற்றை இறக்கி முழம் போட்டுப் பார்த்தோம். ஏழு மீட்டருக்கு இரண்டு மடங்குக்குக் குறையவில்லை.

அதற்குள் மாரிச்சாமிக்கு உற்சாகம் வந்துவிட்டது. சுவரைக் கிட்டத்தில் போய்த் தடவிப் பார்த்தார். "பூச்சே பூசலைங்க! வெறும் செங்கல்! முன்னால மட்டும் மினுக்கி வெச்சுட்டுப் பின்னால எப்படி விட்டிருக்காங்க பாருங்க. வெளியூர்க்காரன் பாத்தா நம்ம ஊரைப் பத்தி என்ன நெனைப்பான்? ஐயையே, இங்க பாருங்க, கழிவுத் தண்ணியை நேரா ஓடையில விடறாங்க!"

"அதையும் எழுதட்டுமாங்க?" என்றார் சில்வஸ்டர்.

"எழுதுங்க. நல்லாக் கடுமையா எழுதுங்க."

"கதவு எண்?"

"கதவு எண் எதுக்குங்க, கட்டடமே எதிர்ல நிக்குது! குழு நின்ற இடத்துக்கு நேர் எதிரே உள்ள கட்டடம்னு போடுங்க."

சில்வஸ்டர் அப்படியே போட்டார். எழுத மேசை இல்லாததால் நான் முதுகைக் குனிந்து கொடுத்தேன். முதல் கையெழுத்து மாரிச்சாமி. அழுத்தமான கையெழுத்து, இன்னும் முதுகில் இருக்கிறது. அப்புறம் நாங்கள்.

ஆயம்மாள் போடும்போது சற்றே நிறுத்தினார். "மாரிச்சாமி, வெட்டியே ஆகோணுமா? பொழைப்பு போயிரும் அந்தம்மாவுக்கு."

"சட்டத்துக்குக் கண்ணு கிடையாதுங்க, தலைவரம்மா."

"இன்னிக்கு நமக்கும்தான் கிடையாது" என்று சொல்லிவிட்டுப் போட்டார்.

அப்போது மிஸ்டுக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "யாருங்க அங்கே? மெம்பருங்களா?"

ஹாஜிரா. ஒரு கையில் டீ ஃபிளாஸ்க், ஒரு கையில் டம்ளர்கள். "எவ்வளவு நேரமா எங்க கடைக்குப் பின்னால உங்களுக்காக நின்னுக்கிட்டிருக்கேன். பேச்சுச் சத்தம் கேட்டுத் தேடி வர்றேன். மாரிச்சாமியண்ணன் லாட்ஜுக்குப் பின்னாடி நின்னு எல்லாரும் என்ன பண்றீங்க?"

எங்கள் ஊர் மிஸ்டுக்கு நேரம் தெரியும். அந்த நிமிஷம் மேலே தூக்கிக்கொண்டது. முதலில் செங்கல் சுவர். அதற்கு மேல் இன்னொரு மாடிச் செங்கல். அதற்கும் மேல் இன்னொன்று. அதன் உச்சியில், கேக்கின் மேல் தடவிய க்ரீம் மாதிரி ஒரு கோடு ரோஸ் பெயிண்ட். அன்னம் ஒன்றின் பின்பக்கம். நாங்கள் புகைபோக்கி என்று தொட்டது வெந்நீர் பாய்லரின் குழாய்.

மாரிச்சாமி தலையை அண்ணாந்தார். வெகுநேரம் பார்த்தார். தான் கட்டிய கட்டடத்தை அந்தப் பக்கத்திலிருந்து அவர் அன்றைக்குத்தான் பார்த்தார்.

"இது என் லாட்ஜா?" என்றார். அப்புறம், கொஞ்சம் பெருமையாகவே, "இவ்வளவு உயரமா?"

ஹாஜிரா டீ ஊற்றிக் கொடுத்தார். முதல் டம்ளர் மாரிச்சாமிக்கு.

அடுத்த கூட்டத்துக்கு ஊரே வந்திருந்தது. ஹாஜிரா பொதுமக்கள் பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். சில்வஸ்டர் குல்லாவைக் கழற்றிவிட்டுப் படித்தார். குழு நின்ற இடமே தரை, குழுவுக்கு நேர் எதிரே உள்ள கட்டடம் வரம்பை மீறியிருக்கிறது, ஆகவே பேரூராட்சி அதில் ஏழு மீட்டருக்கு மேல் உள்ளதை அகற்ற வேண்டும். ஏழு மீட்டரை விட்டுவிட்டு மேலே அகற்றினால் அன்னம் இரண்டும் போகும். வரவேற்பறை போகும். மேல்ரோட்டுக்கு வாசலே இருக்காது. விருந்தாளிகள் கொழுந்துக் கூடை சுமப்பவர்களோடு கீழ்ரோடு வழியாகத்தான் வர வேண்டும்.

மாரிச்சாமி எழுந்தார். அவர் அவ்வளவு அழகாகப் பேசி நான் கேட்டதில்லை.

"தலைவரம்மா, நான் நல்லா யோசிச்சுப் பாத்தனுங்க. மனுசன் வாசல் வழியாத்தானே உள்ளே போறான்? வாசல் எங்க இருக்குதோ அங்கதானுங்க தரை. அதுக்குக் கீழ இருக்கறதெல்லாம் வேருங்க. ஏனுங்க, மரத்தை வேர்ல இருந்தா அளக்குறாங்க?"

"ரொம்ப நல்லாச் சொன்னீங்க" என்றேன். "எங்கியோ கேட்ட மாதிரியும் இருக்குது."

ஆயம்மாள் பின்னிக்கொண்டிருந்தார். காணாமல் போன கையைத் திரும்பப் பின்னுகிறார். வரிசை முடியும்வரை மாரிச்சாமி நின்றுகொண்டே இருந்தார்.

"உங்க லாட்ஜுக்கு மேல்ரோடு தரைன்னா, ஹாஜிராம்மா கடைக்கும் மேல்ரோடுதானுங்களே?"

மாரிச்சாமி அன்னங்களை நினைத்துக்கொண்டார். "ஆமாங்க."

"புகைபோக்கி?"

"ஆள் உயரம்தானுங்க. பாவம், அது ஒரு உயரமா?"

"எழுதிக்குங்க, ஈ.ஓ. சார். பழைய தீர்மானம் ரத்து."

எல்லாக் கையும் உயர்ந்தது. ஹாஜிரா துப்பட்டாவைத் தலைக்கு இழுத்துவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டார். கழிவுத் தண்ணீர் பற்றிய வரியை மட்டும் ஆயம்மாள் ரத்து பண்ணவில்லை. தண்ணீருக்கு எது தரை என்று சந்தேகம் கிடையாது, அது எப்போதும் கீழே போகும் என்றார். மாரிச்சாமி தொட்டி கட்டினார்.

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அது பங்குனி மாதம். வருஷக் கணக்கு முடிகிற நேரம். செலவழிக்காத பணமெல்லாம் மேலே திரும்பிப் போய்விடும் என்று சில்வஸ்டர் ஒவ்வொரு தலைப்பாகப் படித்துக்கொண்டு வந்தார். "மிஸ்ட் விளக்கு. செலவு இல்லை."

வருஷா வருஷம் ஒதுக்குவோம், வருஷா வருஷம் திரும்பிப் போகும். ஒரே ஒரு தடவை வாங்கி மாட்டினோம். மிஸ்டில் விளக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாததால், அதைக் காட்ட இன்னொரு விளக்கு வேண்டியிருந்தது. மூன்றாவது விளக்கு வரைக்கும் போய் நிறுத்திக்கொண்டோம்.

ஆயம்மாள் ஊசியை நிறுத்தினார். வரிசை நடுவில் அவர் நிறுத்தி நான் பார்த்தது அன்றைக்கு ஒருதரம்தான். "ஏனுங்க, அன்னிக்கு நாம ஏன் வழி தப்புனோம்?"

சில்வஸ்டர் குல்லாவை எடுத்து மறுபடியும் மாட்டிக்கொண்டார்.

"அடுப்பு எரியலை. அதானே? மத்த நாள்ல அந்தப் புகைபோக்கிதான் நம்ம ஊருக்கு விளக்கு. இந்தப் பணத்துல வெள்ளிக்கிழமைக்கு விறகு வாங்கி, மிஸ்ட் நாள்ல அடுப்பை எரிய விட்டா என்னங்க?"

பெஞ்சிலிருந்து ஹாஜிரா எழுந்தார். "தலைவரம்மா, நீங்க செஞ்சதை மறக்க மாட்டேன். ஆனா வெள்ளிக்கிழமை நான் அடுப்பைத் தொடமாட்டேன். அத்தா வெச்ச வழக்கம். சாவி தர்றேன். யாராச்சும் வந்து எரிச்சுக்குங்க."

"யாரு வர்றது?" என்றார் சில்வஸ்டர். "பொதுப்பணிக் குழுவோட வேலைங்க அது."

பொதுப்பணிக் குழுவின் தலைவர் யாரென்று எல்லோருக்கும் தெரியும். எல்லோரும் அவரையே பார்த்தோம். மாரிச்சாமி, தானும் வேறு யாரையோ பார்ப்பது போல் சுற்றுமுற்றும் பார்த்தார்.

அதற்கப்புறம் மிஸ்ட் இறங்கிய வெள்ளிக்கிழமைகளில் மாரிச்சாமி கீழ்ரோடு வழியாக நடந்து வருவார். ஜீப் அங்கே வராது. வெட்டச் சொன்ன புகைபோக்கிக்கு அடியில் உட்கார்ந்து கற்பூர மரம் என்று நாங்கள் சொல்லும் யூகலிப்டஸ் விறகைத் தள்ளுவார். வெறும் அடுப்பு எரிந்தால் புகை வாசனைதான் வரும், அது ஊரெல்லாம் வரும், அதை வைத்து ஊரைக் கண்டுபிடிக்க முடியாது என்று முனியசாமி ஆட்சேபித்தார். ஆகவே மாரிச்சாமி வர்க்கியும் போட வேண்டியதாயிற்று. வியாழக்கிழமையே ஹாஜிரா மாவு பிசைந்து மூடி வைத்துவிட்டுப் போவார். எப்போது வெளியே எடுப்பது என்று சொல்லிக் கொடுத்தும் பார்த்தார். மாரிச்சாமியின் வர்க்கி ஒருநாளும் பொன்னிறத்தில் நின்றதில்லை. அதைத் தாண்டிப் போய்க்கொண்டே இருக்கும். ஒருமுறை அவர் போட்டதை ஒரு நாய் கவ்விக்கொண்டு போய், தின்னாமல், அடுத்த வீட்டு அடுப்பில் விறகோடு வைத்துவிட்டு வந்தது.

தணிக்கைக்காரர் ஒருவர் ஊட்டியிலிருந்து வந்தார். தெருவிளக்குத் தலைப்பில் விறகு வாங்கியது எப்படி என்று கேட்கத்தான் வந்தார். நல்ல மிஸ்ட். முனியசாமியின் பஸ்ஸில் முன் சீட்டில் உட்கார்ந்து வந்தார். ஜன்னலுக்கு வெளியே மூக்கை நீட்டியிருந்த முனியசாமி திடீரென்று பிரேக் போட்டு, "இறங்குங்க சார், ஆனைமட்டம்" என்றாராம்.

"ஒண்ணுமே தெரியலையே, எப்படிய்யா கண்டுபிடிச்சே?"

"வர்க்கி வாசனை வந்தா ஆனைமட்டம் சார்."

தணிக்கைக்காரரும் மூக்கை நீட்டி இழுத்துப் பார்த்தார். "கருகல் வாசனைன்னா வருது?"

"அது வந்தா ஆனைமட்டம், வெள்ளிக்கிழமை" என்றார் முனியசாமி.